நூலக அறையில் வாரம் ஒரு பொய்

1. சாவி

நூலகச் சாவி என் கைக்கு வந்தது மழையால். அதற்கு வேறு எந்தத் தகுதியும் அப்போது என்னிடம் இல்லை.

நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். சிதம்பரத்தைத் தாண்டி பிச்சாவரம் போகிற பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை, திருப்பாதிரிப்புலியூரில் வீடு. தினமும் காலைப் பாசஞ்சரில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போவேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் கிரவுண்டு குளமாகிவிடும். கபடி கோர்ட்டுக்கு நான் போட்ட சுண்ணாம்புக் கோடு எங்கே போனதென்று மார்கழியில்தான் தெரியும். அதுவரை என் பீரியடைக் கணக்கு டீச்சரும் சயின்ஸ் சாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வானம் கறுத்தவுடனேயே வந்து துண்டு போட்டு வைப்பார்கள்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது, அப்படி ஒரு மழை நாளில் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார்.

"கிரவுண்டு பூரா தண்ணி. கையில விசில வச்சிகிட்டு என்னா பண்ணப் போறீங்க டீச்சர்? லைப்ரரி இன்சார்ஜ் எடுத்துக்குங்க."

"சார், தமிழ் ஐயா இருக்காரே?"

"அவருக்கு பத்தாவது ஸ்பெஷல் கிளாஸு. நீங்கதான் ஃப்ரீ."

ஃப்ரீ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இருபத்தெட்டு வருஷமாக எல்லா ஸ்டாஃப் ரூமிலும் அதைக் கேட்டிருக்கிறேன். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவர் குரலை இறக்கினார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்ல. தை மாசம் ஆண்டாய்வு. ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் அது லைப்ரரியா இருந்தா போதும். அப்புறம் காலி பண்ணி குடோனா ஆக்கிடலாம்னு இருக்கேன். சுத்துப்பட்டு ஸ்கூலுக்கெல்லாம் பாடப்புத்தகம் நம்மகிட்டதான் வந்து எறங்குது. வெராண்டால வச்சா நனையுது."

பாடப்புத்தகம் நனையக் கூடாது என்பதற்காக மற்ற புத்தகங்களை வெளியே தள்ளுகிற திட்டம். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வயதுவரை பாடப்புத்தகத்தைத் தவிர ஒரு புத்தகத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை. கபடி ரூல் புக் மட்டும் அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். அப்படிப்பட்டவளிடம்தான் மூன்று பீரோக்களின் சாவியைக் கொடுத்தார்கள்.

2. ஸ்டார்ட், ஸ்டாப்

எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். எட்டாம் வகுப்பு பி பிரிவை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். ஒரு விசில் அடித்தால் திறக்க வேண்டும். இரண்டு விசில் என்றால் மூடி, வலது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். ரிலே ரேஸில் கட்டை கைமாறுவதைப் போலப் புத்தகம் அழகாகக் கைமாறியது. படிக்கத்தான் ஆளில்லை. முப்பத்திரண்டு பேரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் ஐயாவிடம் யோசனை கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் எழுத வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த மருந்து.

"ஆளுக்கொரு பக்கம் மதிப்புரை எழுதச் சொல்லுங்க டீச்சர். எழுதணும்னா படிச்சித்தான் ஆவணும்."

எழுதினார்கள். முப்பத்திரண்டு தாள்களை வாங்கிக்கொண்டு போய் ரயிலில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் தாளின் கடைசி வரி, "அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்." இரண்டாவது தாளிலும் அதே வரி. பத்தாவது தாளுக்கு மேல் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாரும் பின்னட்டையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒருவன் விலையையும் சேர்த்து எழுதியிருந்தான்.

3. முதலை

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. அறை இருட்டு, வெளியே கொட்டுகிறது. "மிஸ், கதை சொல்லுங்க மிஸ்" என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு என்ன கதை தெரியும்? கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் ஒரு பெண், ஒரு படகு, வாயைப் பிளந்த ஒரு முதலை. அது போதும் என்று அவிழ்த்துவிட்டேன். முதலை அண்ணனை முழுங்குகிறது. தங்கை துடுப்பை அதன் வாய்க்குள் செருகி, அண்ணனை முழு ஆளாக வெளியே இழுக்கிறாள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பரவாயில்லையே நாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதே வகுப்பு. மோனிஷா என்ற பெண் எழுந்து நின்றாள். அவள் அப்பா பிச்சாவரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு வலிப்பவர். அவளும் காற்றோடு மல்லுக்கட்டுகிற மாதிரி உரக்கத்தான் பேசுவாள். கையில் அந்தப் புத்தகம்.

"மிஸ், இத நான் முழுசா படிச்சிட்டேன். முதல ஒரே ஒரு எடத்துலதான் வருது. அதுவும் சும்மா கரையில படுத்துருக்குது. யாரையும் முழுங்கல. அண்ணன் வேலைக்குப் போனவரு வரலன்னு அந்தப் பொண்ணு தேடிகிட்டுப் போவுது, அவ்ளோதான். நீங்க இதப் படிக்கவே இல்ல தான மிஸ்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"வாய மூடு! வெளிய போய் நில்லு!"

போய் நின்றாள். சாரல் அவள் பாவாடையை நனைத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அப்போது முன் பெஞ்சில் ஒரு சண்டை. ஏழெட்டுப் பேர் அந்தப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல எந்தப் பக்கம்டா?"

"இரு, நான் பாக்குறேன். மிஸ் இன்னும் என்னென்ன வுட்டாங்கன்னு பாப்போம்."

விசில் அடித்தும், எழுதச் சொல்லியும் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் அவர்கள். என் பொய்யைக் கண்டுபிடிப்பதற்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

அன்று மாலை ரயிலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதைவிட, உண்மை சொன்ன பெண்ணை மழையில் நிற்க வைத்ததுதான் உறுத்தியது. கபடியில் தொட்டுவிட்டால் அவுட். பார்த்த ஆள் இல்லாவிட்டாலும் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். இதை எத்தனை பிள்ளைகளிடம் கத்தியிருப்பேன்! நான் அவுட்டானபோது நடுவரை வெளியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதற்கடுத்த நாள் காலை ரயிலில் தொடர்ந்து படித்தேன். அந்தப் பெண் அண்ணனைத் தேடிக்கொண்டு மூன்றாவது தீவுக்குப் போகிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் ரயில் வல்லம்படுகையில் நிற்கிறது. சிதம்பரம் போனதே தெரியவில்லை. அரக்கப் பரக்க இறங்கி, எதிர்த் திசையில் பஸ் பிடித்து, மிச்சப் பக்கங்களை அதிலேயே முடித்து, பள்ளிக்குப் போகும்போது பிரேயர் முடிந்திருந்தது. ஹெச்.எம். கேட்டிலேயே நின்றிருந்தார்.

"என்னா டீச்சர், ட்ரெயின் லேட்டா?"

"ட்ரெயின் கரெக்டு சார். நான்தான் லேட்டு."

ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கதைப் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அன்றைக்கு அந்த அறையைத் திறக்கும்போது, இதைப் போய் குடோனாக்குவதா என்று முதல் தடவையாகத் தோன்றியது. தைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது.

4. ரூல்

அன்று மதியம் எட்டாம் வகுப்பு பி பிரிவில் போய் நின்றேன்.

"அன்னைக்கி மோனிஷா சொன்னது சரி. நான் படிக்காமதான் சொன்னேன். நான் அவுட்டு. இப்ப படிச்சிட்டேன்."

கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி மோனிஷாவிடம் கொடுத்து, "ஊது" என்றேன். என் விசிலை அதுவரை பள்ளியில் ஒருவரும் தொட்டதில்லை. அவள் ஊதிய ஊதலில் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். முப்பத்தோரு முகங்களிலும் பொறாமை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த விளையாட்டு தோன்றியது.

ரூல் எளிமையானது. வாரம் ஒரு புத்தகத்தை நான் படித்துவிட்டு வந்து கதை சொல்வேன். அதில் ஒரே ஒரு பொய் இருக்கும். பொய் எது என்று சொன்னால் மட்டும் போதாது, புத்தகத்தில் பக்கத்தைக் காட்ட வேண்டும். காட்டுகிறவருக்கு அடுத்த பீரியடில் விசில். தோற்றவர்களுக்குத் தண்டனை கிடையாது, ஆனால் பொய் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லக் கூடாது. வேண்டுமென்றால் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு வாரத்தில் பீரோவுக்கு முன்னால் கியூ நின்றது. இரண்டாம் வாரம் ஏழாம் வகுப்பு வந்து, "எங்களுக்கும் பொய் சொல்லுங்க மிஸ்" என்றது. மூன்றாம் வாரம் பிள்ளைகளே கதை சொல்ல ஆரம்பித்தார்கள், அவரவர் பொய்யோடு. மதிய உணவு வரிசையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தப் பக்கம்? பக்கத்தச் சொல்லு" என்று சண்டை. தமிழ் ஐயாவும் ஆசைப்பட்டு ஒரு நாள் வந்து கதை சொன்னார். பொய் வருகிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் அவுட்.

என் பாடும் எளிதாக இல்லை. நல்ல பொய் சொல்ல வேண்டுமானால் புத்தகத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். முதல் தடவை கதைக்காக, இரண்டாவது தடவை எங்கே கை வைக்கலாம் என்று பார்ப்பதற்காக. ரயிலில் தெரிந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் மோனிஷா முதலைப் புத்தகத்தையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், இதுல புக்கே பொய் சொல்லுது. எதிர்த்தண்ணியில அந்தப் பொண்ணு ஒரே பக்கமா துடுப்பு போட்டுகிட்டு நேரா போவுதாம். எங்கப்பாகிட்ட கேட்டேன். அப்டி போட்டா படகு சுத்திகிட்டே நிக்குமாம்."

"அச்சுல வந்ததெல்லாம் தப்பாவுமா?" என்றார் தமிழ் ஐயா.

"நீங்க வந்து வலிச்சிப் பாருங்க ஐயா!"

வழக்கு இரண்டு நாள் நடந்தது. கடைசியில் பக்கம் காட்டிவிட்டாள் என்பதால் விசில் அவளுக்கே என்று தீர்ப்புச் சொன்னேன். இதையெல்லாம் ஹெச்.எம். பார்க்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வெராண்டாவில் தார்ப்பாய் போட்டு மூடிய பாடப்புத்தகக் கட்டுகளையும் அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் போவுது டீச்சர். ஆனா ஆண்டாய்வு வரைக்கும்தான், ஞாபகம் வச்சிக்குங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நனைந்த புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

5. ஆண்டாய்வு

ஆய்வுக்கு வந்த அதிகாரி மெலிந்த மனிதர், பேச்சு குறைவு. வகுப்பறை, கழிவறை, சமையல்கூடம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் நூலகத்துக்கு வந்தார். பக்கத்தில் ஹெச்.எம்., அவர் கையில் அறையை மாற்றுவதற்கு எழுதி வைத்த கடிதம். ஒரு கையெழுத்து விழுந்தால் முடிந்தது. உள்ளே எட்டாம் வகுப்பு பி பிரிவு. பேச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள் என்று காலையிலேயே எச்சரித்திருந்தேன்.

அதிகாரி நேராக மோனிஷாவைப் பார்த்தார். "என்னம்மா படிச்ச? கதையச் சொல்லு, கேப்போம்."

அவள் முதலைப் புத்தகத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாள் தெரியுமா? அதிகாரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அவள், "மூணு தீவும் தேடிப் பாத்துட்டு அந்தப் பொண்ணு தனியாவே திரும்பி வந்துடுச்சி சார். அண்ணன் கடைசி வரைக்கும் வரவே இல்ல" என்று முடித்தாள்.

வழக்கம்போல ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டாள். யாரிடம் கதை சொன்னாலும் ஒரு பொய் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. ஆபீசரிடம் வைக்காதே என்று சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

அதிகாரி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அண்ணன் வந்துட்டாரேம்மா இதுல?"

"அவுட்டு!" என்று முப்பத்திரண்டு பேரும் கத்தினார்கள். "சார் கண்டுபுடிச்சிட்டாரு!"

ஹெச்.எம். முகத்தில் ஈயாடவில்லை. "என்னா டீச்சர் இது, ஆபீசர்கிட்ட பொய் சொல்லுதுங்க?"

சமாளித்திருக்கலாம். குழந்தை பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். மோனிஷா என்னைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் அவளை வெளியே நிறுத்த என்னால் முடியாது. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூலகப் பொறுப்பில் இருந்த நான் ஒரு புத்தகமும் படிக்காதவள் என்பதை, அந்தப் பெண் என்னைப் பிடித்ததை, விசிலை, ரூலை. சொல்லி முடித்தபோது, சாவியை இப்போதே கேட்பார்கள் என்று நினைத்தேன்.

அதிகாரி என்னை எதுவும் கேட்கவில்லை. முன் பெஞ்சுப் பையன் ஒருவனைப் பார்த்து, "நீ ஒரு கதை சொல்லு" என்றார். அவன் வேறொரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னான். இந்தத் தடவை கடைசிப் பக்கத்தில் பொய் இல்லை. நடுவில் புரட்டினார், முன்னால் புரட்டினார். அவருக்கு வைத்த டீ ஆறிப்போனது. மணி அடித்தது.

"சரிப்பா, தோத்துட்டேன். எங்க பொய்?"

"அத சொல்லக் கூடாது சார். படிச்சித்தான் கண்டுபுடிக்கணும். அதான் ரூலு."

ஹெச்.எம். கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சற்று யோசித்துவிட்டு, என் மேஜையில் இருந்த ரிஜிஸ்டரைத் திறந்து, பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கடிதத்தை நீட்ட ஹெச்.எம்.முக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜீப் போனதும் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"டீச்சர், ஆபீசரே புக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு. திருப்பிக் குடுக்க வரும்போது இங்க குடோன் இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது சார்."

"அப்ப இருக்கட்டும். கட்டுங்கள மேடைக்குப் பின்னாடி ரூம்ல நெருக்கி ஏத்திக்கலாம்."

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. "நாப்பத்தி மூணாம் பக்கம், சரியான்னு கேளுங்க" என்று மட்டும் சொன்னாராம். சரிதான்.

6. கடைசி நாள்

இரண்டு வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது ஹெச்.எம். ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆபீசர் அந்தப் புக்கத் திருப்பிக் குடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல சார். ஞாபகப்படுத்தவா?"

"வேணாம் வேணாம். கேக்காதீங்க."

நூலகப் பொறுப்புக்கு வரும் இளைய ஆசிரியர்கள் என்னைக் கேட்பது உண்டு, பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிள்ளைகளைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் படியுங்கள். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களை அவர்கள் பிடித்துவிட்டால் கோபப்படாமல் கையைத் தூக்குங்கள். எனக்கு அது தெரிய மூன்று நாளும் ஒரு பெண்ணின் நனைந்த பாவாடையும் தேவைப்பட்டன.

பிரிவு உபசார விழாவில் மாணவர்கள் சார்பாகப் பேச பத்தாம் வகுப்பு மோனிஷா மேடையேறினாள். மைக் இல்லாமலேயே அவள் குரல் கேட்டைத் தாண்டும். நான் எப்போது வருவேன், எப்படிக் கத்துவேன், எந்தப் பக்கத்தில் மூழ்கினால் இறங்குகிற ஸ்டேஷனைத் தவறவிடுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "எங்க பி.டி. மிஸ் சின்ன வயசுலேர்ந்தே நெறைய புக்கு படிச்சவங்க" என்றாள்.

பின்னாலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாய்ந்து எழுந்தாள்.

"பொய்!"

"பக்கம்?" என்றாள் மோனிஷா.

"பக்கம் இல்லக்கா. மிஸ்ஸே எங்ககிட்ட சொல்லியிருக்காங்க!"

பள்ளிக்கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. எழுந்து கையைத் தூக்கினேன். மேடையிலிருந்து இறங்கிப் போய், கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். திரும்ப வாங்கவில்லை.